இரட்டைச் சிப் கார்டை விண்டோஸ் எக்ஸ்பியில் ஓட்டிக் காட்டினால் நம்பாதீர்கள்

பழைய கிராபிக்ஸ் கார்டுகளைச் சேகரிப்பவர்கள், குறிப்பாகப் பாலக்காடு, பொள்ளாச்சி வட்டாரத்தில் தேடுகிறவர்கள், ஏடிஐ நிறுவனத்தின் ரேஜ் ஃபியூரி மேக்ஸ் என்ற இரட்டைச் சிப் கார்டு விலைக்கு வந்தால் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் என்னிடம், பொள்ளாச்சியில் பழைய கணினி உதிரிபாகங்கள் விற்கும் ஒருவர், பாதி செத்த கார்டை 18,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார்.

என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 கார்டு சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த 1999 இறுதியில், அதற்கு ஈடுகொடுக்க ஏடிஐ தன்னிடமிருந்த ரேஜ் 128 புரோ சிப்கள் இரண்டை ஒரே கார்டில் பொருத்தி இதை வெளியிட்டது. ஒரு சிப் ஒரு ஃபிரேமை (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றை) வரைந்துகொண்டிருக்கும்போதே மற்றது அடுத்த ஃபிரேமை வரையும். நினைவகம் 64 எம்பி என்று விளம்பரப்படுத்தப்பட்டாலும் ஒவ்வொரு சிப்புக்கும் 32 எம்பிதான். பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படமான டெக்ஸ்சர், ஒன்றேயானாலும் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஏறியாக வேண்டும். விண்டோஸ் 98இல் இந்த ஏற்பாடு ஓடியது. விண்டோஸ் 2000இலும் எக்ஸ்பியிலும் ஒரு சிப் மட்டுமே வேலை செய்யும், இன்னொன்று சும்மா கிடக்கும்; அது பழுதாகியிருந்தாலும் தெரியாது. வாங்கியவர்கள் அன்றைக்கே கொதித்துப்போன விஷயம் இது.

விற்றவர் பிடித்துக்கொண்டது இந்த ஓட்டையைத்தான். கடையில் எக்ஸ்பி போட்ட கணினியில் கார்டைச் செருகி, படம் தெளிவாக வருவதையும் ஒரு விளையாட்டு ஓடுவதையும் காட்டினார். விண்டோஸ் 98இலும் ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, நேற்றுத்தான் அதில் சோதித்துப் பார்த்ததாகவும் இரண்டு சிப்பும் வேலை செய்வதாகவும் சொல்லி, அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார்.

வீட்டில் விண்டோஸ் 98 கணினியில் மேக்ஸ் கார்டுக்கான டிரைவர் மென்பொருளை நிறுவி ஒரு முப்பரிமாண விளையாட்டைத் தொடங்கியதும், ஃபிரேம் விட்டு ஃபிரேம் கறுத்துத் திரை துடித்தது. சற்று நேரத்தில் கணினியே உறைந்தது. ஃபேனையும் ஹீட் சிங்கையும் கழற்றினால், முதல் சிப்பின் மேல் வெப்பத்தைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து பொருக்காக இருக்க, இரண்டாவதன் மேல் புதுப் பேஸ்ட் வெள்ளையாகப் பளிச்சிட்டது. அந்தச் சிப்பின் ஓரங்களில் பற்றவைப்புக்குப் பூசும் ஃபிளக்ஸ் பழுப்பேறி விரலில் ஒட்டியது. யாரோ சூடான காற்றை (ஹாட் ஏர்) அடித்து உயிர்ப்பிக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறார்கள். நேற்றுச் சோதித்தேன் என்ற பேச்சு பொய் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர் சொன்ன பதில்தான் நம் எல்லைப்பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டியது: “நீங்க கேரளா, நான் தமிழ்நாடு. கேஸ் போடணும்னா கோயமுத்தூருக்குத்தான் நடக்கணும், உங்களால ஆகுமா?” இது வெறும் மிரட்டல். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வீட்டில் நடத்திய சோதனையின் காணொளி ஆகியவற்றோடு பாலக்காட்டில் புகார் கொடுத்திருக்கிறேன். மாநில எல்லையிலுள்ள கோபாலபுரத்தைத் தாண்டிவிட்டால் சட்டம் மாறிவிடும் என்று இன்னும் எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ!

அவரே இப்போது ஒரு வூடூ5 5500 கார்டையும் விற்பனைக்கு வைத்திருக்கிறார். 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில், தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க முடிவெடுப்பதற்குச் சில மாதங்கள் முன்பு கொண்டுவந்த கார்டு என்பதால் அதற்குக் கிராக்கி அதிகம். அதிலும் சிப்கள் இரண்டு. ஆனால் ஒரே ஃபிரேமின் வரிகளைப் பங்கிட்டு வரைவதால், ஒன்று பழுதானால் திரையில் கிடைமட்டப் பட்டைகளாகத் தெரிந்துவிடும். டெஸ்க்டாப் படத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், விண்டோஸ் 98இல், 3டிஎஃப்எக்ஸின் சொந்த வரைகலை மென்பொருளான கிளைடைப் பயன்படுத்தும் விளையாட்டு ஒன்றை அரை மணி நேரமாவது உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுங்கள்.