மெட்பவரில் மின்பாய்ச்சல் கட்டுப்பாடு: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கிளிநொச்சிப் பக்கம் மின்பொறியியல் படிக்கிற தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்பது, காசு கட்டாமல் ஃபேக்ட்ஸ் கருவிகளை (மின்பாதைகளில் பாய்ச்சலையும் வோல்டேஜையும் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள்) எதில் ஓட்டிப் பார்க்கலாம் என்று. நான் சில வருடமாக, மின்வலையமைப்பின் பாய்ச்சலைக் கணக்கிடும் மெட்பவரை ஒக்டேவ் என்ற கணிப்பு மென்பொருளில் போட்டுத்தான் வேலை செய்கிறேன். இரண்டும் இலவசம், ஒருக்கா இறக்கி வைத்தால் பிறகு இணையம் தேவையில்லை, 118 பஸ் கேஸ் (கம்பிகள் சந்திக்கும் 118 முனைகள் கொண்ட மாதிரி வலையமைப்பு) பழைய லாப்டொப்பிலும் சட்டென்று தீரும்.

ஆனால் டிசிஎஸ்சி (கம்பியோடு தொடராக இணைந்து அதன் ரியாக்டன்ஸைக் குறைக்கும் கருவி), எஸ்விசி (பஸ்ஸின் வோல்டேஜைத் தாங்கும் கருவி) என்று ஆயத்தமாக இழுத்துப் போட எதுவும் இதில் இல்லை. அட்டவணையில் நாங்களே கைவைக்க வேண்டும், எனக்குப் பிடித்ததும் அதுதான். கம்பி அட்டவணையின் 4ஆவது நிரல் ரியாக்டன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்குக் கம்பி காட்டும் தடை. ஒரே மாதிரியான இரண்டு சமாந்தரக் கம்பிகள், ஒவ்வொன்றும் 0.1, மொத்தம் 100 மெகாவொட் என்றால் 50, 50 ஆகப் பிரியும். ஒன்றை 0.06 ஆக்குங்கள், அதாவது 40 வீத டிசிஎஸ்சி, உடனே ஏறத்தாழ 62.5, 37.5 ஆகிவிடும். 10ஆவது நிரல் ஃபேஸ் ஷிஃப்டருக்கு, அதாவது வோல்டேஜின் கோணத்தை நகர்த்தும் மின்மாற்றிக்கு. அதில் கூட்டல் கோணம் போட்டால் அந்தக் கம்பியின் முதல் பஸ்ஸிலிருந்து இரண்டாவது பஸ்ஸுக்குப் போகும் பாய்ச்சல் குறையும், அதிகரிக்காது. இந்த இடத்தில் நிறையப்பேர் தடுமாறுகிறார்கள்.

எஸ்விசியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். மெகாவொட் பூச்சியமான ஜெனரேட்டராக அதைப் போடலாம், சரி, ஆனால் ரியாக்டிவ் எல்லையை (வோல்டேஜைத் தாங்க அது கொடுக்கக்கூடிய மெகாவாரின் எல்லையை) மெட்பவர் தானாக மதிக்காது, அந்தத் தெரிவை நாங்கள் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கருவி கேட்டதையெல்லாம் கொடுத்து வோல்டேஜ் அழகாக நிற்கும். தெரிவைப் போட்டாலும் எல்லையைத் தொட்டபின் அந்த மெகாவாரை மாறாமல் வைத்திருக்கும். உண்மையான எஸ்விசி வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும்: வோல்டேஜ் வழமையின் 0.9 ஆனால் 81 வீதம்தான் வரும், அதே வேலையைக் கன்வெர்ட்டரால் செய்யும் ஸ்டட்கொம் என்றால் 90. வோல்டேஜ் விழுகிற நேரத்தில்தானே கருவி தேவை, அந்த நேரத்தில் இந்த வித்தியாசம் சின்னதில்லை. அதனால் எல்லையைத் தொட்ட எஸ்விசியை நான் பஸ் அட்டவணையின் 6ஆவது நிரலுக்கு, ஷண்டாக (பஸ்ஸுக்கும் நிலத்துக்கும் இடையில் இணைப்பதாக), மாற்றிவிட்டுத் திரும்ப ஓட்டுகிறேன்.

எங்கள் பக்கத்துக்கு எந்தக் கருவி பொருந்தும் என்பதையும் இதிலேயே தெளிவாகப் பார்க்கலாம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் போகும் 132 கிலோவோல்ட் பாதையைப் போல ஒற்றைப் பாதை ஒன்றை வரைந்து நடுவில் ஃபேஸ் ஷிஃப்டர் வைத்துப் பாருங்கள், கோணம் மாறும், மெகாவொட் அசையாது. ஒற்றை வாய்க்காலில் கதவு வைத்துத் தண்ணீரை வேறு பக்கம் திருப்ப ஏலாதுதானே. இப்படியான நீண்ட பாதையில் பிரச்சினை வோல்டேஜ்: இரவில் சுமை குறைந்தால் ஏறும், பின்னேரம் கூடினால் இறங்கும். மன்னாரின் 103.5 மெகாவொட் காற்றாலை போன்றவற்றுக்குப் பக்கத்திலும் எஸ்விசி, ஸ்டட்கொம்மைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

தொடர், ஷண்ட் இரண்டு பக்கமும் சேர்ந்த கருவியான யுபிஎஃப்சிக்கு மெட்பவர் சிரமம். தொடர் பக்கம் கொடுக்கும் மெகாவொட்டை ஷண்ட் பக்கம் எடுக்க வேண்டும், அந்தச் சமன்பாட்டுக்காக மெட்பவருக்கு வெளியே தனியாக ஒரு லூப் எழுத வேண்டும். கன்வெர்ட்டர் சுவிட்சிங், மில்லிசெக்கன் கணக்கிலான கோளாறுகள் வேண்டுமென்றால் அலைவடிவத்தையே கணக்கிடும் பிஎஸ்கேட் போன்ற மென்பொருள் ஒன்றுக்குப் போவதுதான் வழி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 14 பஸ் கொண்ட கேஸ் 14இல் ஒரு கம்பியின் ரியாக்டன்ஸை மட்டும் மாற்றி, விடை வருமுன் பாய்ச்சல் எந்தப் பக்கம் போகும் என்று தாளில் எழுதி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.