கல்வெட்டு படிக்கப் பழக: தமிழியா, சோழர் சுவரா, வகுப்பா?

கல்வெட்டை நாமே படிக்க வேண்டும் என்ற ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் இறங்குகிறார்கள். தமிழி (தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும் சங்க கால எழுத்து) அட்டவணையை மனப்பாடம் செய்வது ஒன்று. கல்வெட்டு வாசகத்தின் அச்சான பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் சுவர் முன் நிற்பது இன்னொன்று. வகுப்பில் சேர்வது மூன்றாவது. பட்டமோ வேலையோ எதிர்பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நம்பிப் படிக்கிறவருக்கு எது ஒத்துவரும் என்பதுதான் இங்கே கேள்வி.

தமிழியில் இருக்கும் கவர்ச்சிக்குக் காரணம் எளிமைதான். கோடும் வளைவுமாகக் கொஞ்சம் எழுத்துகள். இரண்டு மாலையில் பிடிபட்டுவிடும். உடனே தன் பெயரை அதில் எழுதி வாட்ஸ்அப் படமாக வைத்துக்கொள்ளலாம் (வைக்காதவர் குறைவு!). சிக்கல் அதற்குப் பிறகு. பயிற்சிக்குச் சரக்கு போதாது. மதுரைப் பக்கம் மாங்குளம் மலையேறினாலும், திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பைக்குப் போனாலும் கிடைப்பது சில வரிகள். ஜம்பையில் இருப்பதே ஒரே வரி: ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ (அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை இருப்பிடம்). சங்கப் பாடலில் கேட்ட பெயரைப் பாறையில் பார்ப்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எழுத்தைக் கற்றவருக்கு, தன் தெருமுனைச் சிவன் கோயில் சுவர் அப்போதும் புரியாது. இடையில் ஆயிரம் ஆண்டு எழுத்து மாற்றம் கிடக்கிறது.

சோழர் காலத் தமிழெழுத்து அப்படியில்லை. இன்றைய தமிழ் தெரிந்தவருக்குக் கணிசமான எழுத்துகள் பார்த்த மாத்திரத்தில் தெரியும். இடறுவது வேறு இடங்களில். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு இல்லை. ரகரமும் ஆகாரக் காலும் ஒரே மாதிரி. ஆக, கொம்பு, ககரம், கால் என்று வரிசையாக வந்தால் அது ‘கொ’வா, ‘கோ’வா, ‘கெர’வா என்பதைச் சொல்லின் போக்கு வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சொற்களுக்கு இடைவெளியும் கிடையாது. இதை அட்டவணை சொல்லித் தராது. வாசித்துத்தான் பழக வேண்டும்.

அதனால்தான் என் ஓட்டு அச்சுப் பாடத்தோடு சுவருக்குப் போகும் வழிக்கு. 1890இல் கல்வெட்டாய்வாளர் ஹுல்ஷ் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் நூல் வரிசையின் இரண்டாம் தொகுதி தஞ்சைப் பெரிய கோயிலில்தான் தொடங்குகிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லோரும் முதலில் தேடுவது, விமானத்தின் அடிப்பகுதியில் ராஜராஜ சோழன் கொடைகளைப் பற்றிச் சொல்லும் ‘நாங்குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்ற இடத்தை. தேடுங்கள், தப்பில்லை. ஆனால் பழகுவதற்கு அதைவிட நல்லது தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட பெண்கள்) பட்டியல். தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வரிசையாக 400 பெண்களின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ‘நக்கன்’. பங்கு ஒன்றுக்கு ஆடவல்லான் என்னும் மரக்காலால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதால், முதல் வீட்டில் சந்தேகப்பட்ட எழுத்தை ஐந்தாம் வீட்டில் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்கு இப்படி ஒரு கல்வெட்டு கிடைப்பது அபூர்வம்.

கையில் ஒரு டார்ச் போதும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் சுவரில் தேய்க்கக் கூடாது.

இந்த வழியின் குறை என்னவென்றால், அச்சில் உள்ளதைப் பார்த்துவிட்டுச் சுவரிலும் அதையே ‘படித்து’விடுவோம். ஒரு வரியை முதலில் நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகு புத்தகத்தைத் திறப்பவருக்கே பலன். இன்னொன்று, சின்னக் கோயில்களில் திருப்பணியின்போது கல் இடம் மாறியிருக்கும். வரி பாதியில் அறுந்து, மீதி மடைப்பள்ளிப் படிக்கட்டில் கிடக்கும். சுண்ணாம்பு பூசிய சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வகுப்பை நான் மட்டம் தட்டவில்லை. தனியாகப் படிப்பவர் மாதக்கணக்கில் முட்டிக்கொள்ளும் இடங்களை ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் தாண்டவைத்துவிடுவார். ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று தொடக்கத்திலேயே வந்து நிற்கும் கிரந்தம் (வடமொழிச் சொற்களுக்கான எழுத்து), நில அளவில் வரும் மா, காணி, முந்திரிப் பின்னங்கள், ஆட்சியாண்டைக் கொண்டு காலம் கணிப்பது எல்லாம் அப்படிப்பட்டவை. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று என்று புத்தகத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் இவற்றுக்கான குறியீடுகள் தேய்ந்த கல்லில் வரும்போது பக்கத்தில் ஆள் வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே வகுப்பில் சேர்ந்தால், பாடத்திட்டம் போகும் வேகத்தில் நம் ஊர்க் கல்வெட்டு கடைசிவரை வராமலே போகலாம். தளிச்சேரிப் பட்டியலில் ஓர் ஐம்பது வீட்டையாவது சொந்தமாகப் படித்துவிட்டு, தீராத சந்தேகங்களை நோட்டில் எழுதிக்கொண்டு சேர்ந்தால், கட்டும் காசுக்கு மேலேயே கிடைக்கும்.

தமிழியை அதற்குப் பிறகு ஒரு விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். வட்டெழுத்து என்ற இன்னொரு பழைய தமிழ் எழுத்துவகை, பாண்டி நாட்டுக்காரருக்கும் செங்கம், தருமபுரிப் பக்கம் நடுகல் தேடுகிறவருக்கும் மட்டும் அவசரம்; மற்றவர் காத்திருக்கலாம்.