விட்ட வரியிலேயே திறக்கும் கோப்பு: ஆறு ஆண்டு அனுபவம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீட்டில் இருந்தபடியே தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஒரு நாவல் ஒரே கோப்பாக வரும். ஏழாயிரம், எட்டாயிரம் வரி இருக்கும். சமையலுக்கு எழுந்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, மறுபடி திறந்தால் கோப்பு முதல் வரியில் போய் நிற்கும். இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் காதில் ஓடிக்கொண்டிருந்த ஆசிரியரின் நடை கலைந்துவிடும். அதனால் எந்த எடிட்டரை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

லினக்ஸுக்கு மாறியதும் தொடங்கியது நானோ என்ற எளிய எடிட்டரில். அதன் அமைப்புக் கோப்பில் ‘பொசிஷன்லாக்’ வசதியை இயக்கினால் கடைசி 200 கோப்புகளின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து எடுத்த விம் என்ற எடிட்டரில்தான் தடுமாறினேன். 2016இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து அது தானாகவே விட்ட வரிக்குப் போகும். நானும் நிம்மதியாக இருந்தேன். வரி மடிப்பைச் சரிசெய்ய ‘விம்ஆர்சி’ (.vimrc) என்ற அமைப்புக் கோப்பு ஒன்றை உருவாக்கி இரண்டே வரி எழுதினேன். மறுநாளிலிருந்து எல்லாக் கோப்பும் தலைப்பிலேயே திறந்தன! இரண்டு வாரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது: நமக்கென்று ஒரு விம்ஆர்சி இருந்தால் விம் தன்னோடு வரும் ‘டிஃபால்ட்ஸ்’ (defaults.vim) கோப்பைப் படிக்காது, அந்த வசதி இருப்பதோ அதில்தான். விம்ஆர்சியின் முதல் வரியிலேயே அந்தக் கோப்பைப் படிக்கச் சொன்னதும் சரியாகிவிட்டது. அதுவும் வேண்டாம் என்றால், கோப்பைத் திறந்ததும் ஒற்றை மேற்கோள், அடுத்து இரட்டை மேற்கோள் அழுத்துங்கள். விட்ட வரி வந்துவிடும்.

ஆனால் விம் குறித்து வைப்பது வரி எண்ணை. அதுவும் அந்தக் கணினியில் உள்ள ‘விம்இன்ஃபோ’ கோப்பில். பதிப்பகத்தார் முன்னுரை என்று மேலே 300 வரி சேர்த்து அனுப்பினால் நான் விட்ட இடத்துக்கு 300 வரி மேலேயே இறங்குவேன். கிள்ளானில் அம்மா வீட்டுக்குப் பென் டிரைவில் எடுத்துப்போய் அங்குள்ள மடிக்கணினியில் திறந்தால் முதல் வரிதான்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது லிப்ரே ஆபிஸ் ரைட்டர். அதன் சொந்தக் கோப்பு வகையான ஓடிடி (.odt) ஆகச் சேமித்தால் இடம் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிவாகிறது. ஒரு நிபந்தனை உண்டு. அமைப்புகளில் பயனர் விவரம் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். கடைசியாகச் சேமித்தவரும் அதே பெயர்க்காரராக இருக்க வேண்டும். பெயரை நிரப்பாமலே ஓராண்டு ஓட்டியிருக்கிறேன். இரண்டு கணினியிலும் ஒரே பெயரை எழுதிய நாளிலிருந்து, பிரிக்பீல்ட்ஸில் விட்ட பத்தி கிள்ளானில் கண்முன் வந்து நிற்கிறது. இந்த ஒன்றுக்காகவே ரைட்டரை எல்லோருக்கும் சொல்வேன். வேர்டில் பழகியவர்கள் கோப்பைத் திறந்ததும் ஷிஃப்ட்டோடு எஃப்5 அழுத்திப் பாருங்கள். கடைசியாகத் திருத்திய இடத்துக்குப் போகும்.

இப்போது மொத்தமாகத் தேடி மாற்றும் வேலைக்கு விம், வரிவரியாக வாசிக்க ரைட்டர். வெறும் உரைக்கோப்பை ஊருக்கு எடுத்துப்போகும் நாளில் மட்டும், நிறுத்திய இடத்தில் @@ என்று தட்டிவிட்டு மூடுகிறேன். எந்த எடிட்டரிலும் தேடினால் கிடைத்துவிடும். அப்புறம், பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் அதே @@ஐ ஒருமுறை தேடி அழித்துவிடுவேன்.