பிசிஐபி–என்பிடி மாத்திரையா, ரெடிமிக்ஸ் பாட்டிலா? நெல்லை வெயிலுக்கு எது தாங்கும்

கிரையோஸ்டாட் (திசுவை உறைநிலையில் மெல்லியதாக வெட்டும் கருவி) செக்‌ஷனில் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற என்சைமை நிறமேற்றிப் பார்க்க நெல்லை, பாளையங்கோட்டை ஆய்வகங்களுக்கு சிக்மாஃபாஸ்ட் பிசிஐபி/என்பிடி மாத்திரைதான் சரி. பிசிஐபி, என்பிடி இரண்டும் சேர்ந்து என்சைம் இருக்கும் இடத்தில் நீலஊதா நிறம் தரும் வேதிப்பொருள்கள். இவை கரைந்தே வரும் ரெடிமிக்ஸ் பாட்டில் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் ஐஸ்பேக் உருகி வந்த பார்சலை நம்ப முடியாது. பாட்டில் மூடியைத் திறந்ததும் கரைசலின் நிறத்தைப் பாருங்கள். இளமஞ்சளாக இருக்க வேண்டும். ஊதா தட்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

10 மில்லி காய்ச்சி வடித்த நீருக்கு ஒரு மாத்திரை. மில்லிக்கு பிசிஐபி 0.15 மி.கி., என்பிடி 0.30 மி.கி.; பிஹெச்சை நிலையாக வைக்கும் டிரிஸ் பஃபரும் மெக்னீசியமும் உள்ளேயே இருக்கின்றன, பிஹெச் 9.5 அளவு. கரைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நான்கு ஸ்லைடுக்கு 1 மில்லி போதும் என்பதால் மீதி வீண். ஸ்லைடுகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் போடுவது லாபம்.

நிறமே வரவில்லை என்றால் மாத்திரையைத் திட்டுவதற்கு முன் கழுவிய பஃபரைப் பாருங்கள். பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் உள்ள பாஸ்பேட் இந்த என்சைமைத் தடுக்கும். கடைசிக் கழுவல் டிரிஸ்ஸில்தான் இருக்க வேண்டும். உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ பட்டால் துத்தநாகமும் மெக்னீசியமும் பறிபோய் என்சைம் படுத்துவிடும். மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கில் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை. 10 மைக்ரான் உறைவெட்டு, குளிர்ந்த அசிட்டோனில் 10 நிமிடம், அவ்வளவுதான்.

சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று ஒப்பிடும் கன்ட்ரோலுக்குக் கறிக்கடை ஆட்டுச் சிறுநீரகம் போதும், ஆனால் அறுத்த சூட்டோடு வாங்கி உறைய வைக்க வேண்டும். அண்மைச் சுருள்குழல்களின் உள்விளிம்பில் மட்டும் நீலஊதாக் கோடு விழும். இந்த என்சைமைத் தடுக்கும் லெவமிசோலை 1 மில்லிமோலார் அளவில் சேர்த்தால் அது மறைய வேண்டும். குடலை வைத்து இதைச் சோதிக்காதீர்கள். குடல் வகை என்சைம் லெவமிசோலுக்கு மசியாது, எல்-ஃபினைல்அலனினுக்குத்தான் அடங்கும்.

சிவப்பு நிறம்தான் வேண்டும் என்றால் நாஃப்தால் ஏஎஸ்-எம்எக்ஸ் பாஸ்பேட்டும் ஃபாஸ்ட் ரெட் டிஆரும். அழகான நிறம், பிடிவாதமான சரக்கு. ஃபாஸ்ட் ரெட் ஒரு டயசோனியம் உப்பு. மதிய வெக்கையில் சீக்கிரம் சிதைந்து கரைசல் பழுப்பாகிவிடும். கலக்கி, வடிகட்டி, கையோடு ஊற்றுங்கள். ஆல்கஹாலில் இந்தச் சிவப்பு கரைந்து போகும், அதனால் கிளிசரின் ஜெல்லியில்தான் மவுன்ட் செய்ய (மேல்கண்ணாடி வைத்து மூட) வேண்டும். ஸ்லைடுகளை வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய துறைக்கு இது ஒத்துவராது.

என்பிடி மாறி உண்டாகும் நிறப்பொருளான ஃபார்மசான் ஆல்கஹாலைத் தாங்கும். சைலீன் கலந்த மவுன்டன்ட்டில் மட்டும் சில நேரம் ஊசி ஊசியாகப் படிகம் கிளம்பும். அப்படித் தெரிந்தால் அதற்கும் ஜெல்லியே.