சுவரில் மாட்ட டேப்லெட்டா, பேனலா?

சத்துவாச்சாரியில் வீடு கட்ட ஆரம்பித்தபோதே ஹாலில் ஒரு டச் பேனல் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். விளக்கு, ஃபேன், வாசல் கேமரா, மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, எல்லாம் ஒரே இடத்தில் தெரியணும். வழி மூன்று: கண்ணாடி டச் சுவிட்ச், சாதாரண ஆண்ட்ராய்டு டேப்லெட், சுவருக்கென்றே வரும் பேட்டரி இல்லாத பேனல். நான் வாங்கியது கடைசியில் சொன்னதை. அதனால் பேச்சும் அந்தப் பக்கமே சாயும்.

டச் சுவிட்ச் சீக்கிரமே கழிந்துவிட்டது. இருட்டில் தடவிப் போட முடியாது, அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வரும் அம்மாவுக்கு அது மசியாது, கேமராவும் அதில் தெரியாது.

டேப்லெட்டை வாடகை வீட்டில் ஒன்றரை வருஷம் ஓட்டினேன். ஒரு சின்ன கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டென்ட், அதாவது வீட்டுச் சாதனங்களை எல்லாம் ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்; அதன் திரைப்பக்கம் டேப்லெட்டில் எந்நேரமும் திறந்திருக்கும். இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள் வேலை நடக்கும். விலை குறைவு, திரை பளிச். உபயோகத்தில் ஒரு குறையும் இல்லை.

பேட்டரிதான் காலை வாரியது. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது, எப்போதும் நூறு சதவீதத்திலேயே நிற்பதும் ஆகாது. சுவரில் மாட்டிச் சார்ஜரிலேயே விட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது புதுசா என்ன? ஊரைப் பற்றிய பழைய கிண்டலில் 'மரமில்லா மலை' என்று வருமே, அந்தப் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி எங்கள் பக்கம்தான் கக்கும். இரண்டாவது கத்திரியில் ஒருநாள் தூசி துடைக்கும்போது பார்த்தேன், திரையின் இடது ஓரம் சட்டத்தை விட்டு எழும்பி, நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உப்பின பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். மெதுவாகக் கழற்றி, மணல் போட்ட மண்சட்டியில் வைத்து வெளியே நிழலில் விட்டேன். ஸ்மார்ட் பிளக் போட்டு 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தினால் ஆயுள் கூடும்தான். வெயிலை எந்தப் பிளக் நிறுத்தும்?

பேனலில் அந்தத் தலைவலியே கிடையாது. பவர் ஓவர் ஈதர்நெட், அதாவது கேட்-6 என்ற ஒரே நெட்வொர்க் ஒயரில் டேட்டாவும் கரண்டும். இதற்கான 802.3ஏஎஃப் தரத்தில், ஒயரின் மறுமுனையில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் (விளக்கு சுவிட்ச் இல்லை) 15.4 வாட் கொடுக்கும், 100 மீட்டர் தள்ளியிருந்தாலும் 12.95 வாட் வந்து சேரும். யூஎஸ்பி ஒயரை அவ்வளவு தூரம் இழுத்தால் 5 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். அந்த ஸ்விட்சை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டதால் கரண்ட் போனாலும் பேனல் அணைவதில்லை.

பெட்டி விஷயத்தில்தான் எலக்ட்ரீஷியன் தம்பி முகம் சுளித்தார். "இன்னா சார் இது, நம்ம மாடுலர் பாக்ஸ்ல உக்காராது, சதுரமா கீது" என்றார். நான் எடுத்த பேனலுக்கு 86 மில்லிமீட்டர் சதுரப் பெட்டி வேண்டும். பூச்சுக்கு முன்பே அதைப் பதித்தோம். இதில்தான் மராமத்துக் கணக்கு அடங்கியிருக்கிறது. பேனல் என்றைக்குச் செத்தாலும் அதே பெட்டிக்கு வேறு கம்பெனி பேனல் உட்காரும். டேப்லெட்டைச் சுவரோடு சுவராகப் பதிக்கக் குழி வெட்டினால், அந்த மாடல் நின்றுபோன நாளில் மறுபடி கொத்தனார், பட்டி, பெயின்ட்.

பேனலிலும் குறை உண்டு. விலை டேப்லெட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். கேமரா படம் ஒரு நொடி தாமதித்துத்தான் வரும். ஆண்ட்ராய்டு பழசு, அப்டேட் வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. என் பேனல் பார்த்தது ஒரே ஒரு கோடை, அதை வைத்து ஆயுளுக்கு நான் ஜாமீன் நிற்க முடியாது. வாடகை வீடென்றால் இன்றைக்கும் டேப்லெட்தான் சொல்வேன், ஆனால் சுவருக்கு வெளியே, கழற்றும்படியாக.

உயரம் நாலரை அடி வைத்தோம், அம்மாவின் கண்ணுக்கு நேராக. அடுப்படிப் பக்கமும் ஒரு காலிப் பெட்டி பதித்து, பைப்புக்குள் இழுகம்பி விட்டு மூடி வைத்திருக்கிறேன். அதை மறைத்து இப்போதைக்கு அம்மாவின் தினசரி காலண்டர் தொங்குகிறது.