செங்கடல் டைவிங், லக்சர் கோயில்கள்: டூர் நல்ல டூர்தான், பலூன்தான் இடித்தது

என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. பெசன்ட் நகர் கடற்கரையில் முழங்கால் நனைந்தாலே பேண்ட்டைப் பிழிந்துகொண்டு மணலுக்குத் திரும்பிவிடுவார். எனக்கு 46 வயதில் அந்தமான் ஹேவ்லாக் தீவில் தொற்றியது டைவிங் பைத்தியம். அவருக்குக் கல்லூரி நாளிலிருந்தே கல்வெட்டுப் பைத்தியம். தி.நகரில் ஒரு டூர் நிறுவனம் எகிப்துக்கு 9 இரவு, பாதி செங்கடல், பாதி லக்சர் கோயில்கள் என்று போட்டிருந்ததும் இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டோம். தலைக்கு 1,68,000 ரூபாய். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி டூரை யார் விற்றாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

விசா, டிக்கெட், ஹோட்டல் எதிலும் குறையில்லை. சைவம் என்று சொல்லியிருந்ததை மறக்காமல் போகிற இடமெல்லாம் கொஷரி வாங்கித் தந்தார்கள். சோறு, பருப்பு, மக்ரோனி, மேலே வறுத்த வெங்காயம். மூன்றாம் நாள் அவர் அதன்மேல் பருப்புப் பொடியைத் தூவ ஆரம்பித்துவிட்டார்.

செங்கடல் கரை ஊரான ஹுர்காடாவில் 3 நாள், நாளுக்கு 2 டைவ். படகில் ஏறியதும் மருத்துவப் படிவம், இதுவரை செய்த டைவ்களைக் குறித்துவைக்கும் லாக் புக், டைவிங் சர்டிபிகேட் மூன்றையும் கேட்டார்கள். சென்னை அலுவலகத்தில் ஒருவரும் இவற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் பழக்கத்தில் எடுத்துப் போயிருந்தேன், தப்பித்தேன். செங்கடலில் லிட்டருக்குச் சுமார் 40 கிராம் உப்பு, உடம்பு மிதந்துகொண்டே இருக்கும். ஹேவ்லாக்கில் 4 கிலோ ஈயம் கட்டினால் போதும். இங்கே தடித்த டைவிங் உடையும் சேர்ந்துகொள்ள, 6 கிலோ கட்டித்தான் இறங்க முடிந்தது.

மூன்றாம் நாள் அபு நுஹாஸ் பவளத் திட்டு. படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், நல்ல ஆட்டம், இஞ்சி மரப்பா கை கொடுத்தது. அங்கே மூழ்கிக் கிடக்கும் கப்பல்களில் ஒன்றின் பெயர் கர்நாட்டிக். ஆமாம், ஆற்காட்டு நவாப் ஆண்ட நம்ம சீமையின் பெயர்தான். சூயஸிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பி 1869 செப்டம்பரில் திட்டில் மோதியது. சூயஸ் கால்வாய் திறக்க அப்போது இரண்டு மாதம்தான் பாக்கி. மரப் பலகையெல்லாம் அரித்துப்போய், இரும்புச் சட்டங்கள் மட்டும் விலா எலும்பு மாதிரி நிற்கின்றன. அந்த விலாவுக்குள் கண்ணாடி மீன் கூட்டம். டார்ச்சைத் திருப்பினால் மொத்தமும் ஒரே திரைச்சீலை போல விலகி வழிவிட்டு, நாம் தாண்டியதும் பின்னால் மூடிக்கொள்கிறது. 25 மீட்டர் பக்கம் போக வேண்டியிருப்பதால் ஆரம்பநிலை ஓப்பன் வாட்டர் சர்டிபிகேட் மட்டும் இருந்தால் படகிலேயே உட்கார வேண்டியதுதான். இதையும் சென்னையில் சொல்லவில்லை.

டைவிங் நாட்களுக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வு விட்டிருந்தார்கள். அவர் கார் பிடித்து என்னை அல்-குசைருக்கு இழுத்துப்போனார். ஊருக்குச் சற்று வடக்கே ரோமர் காலத்துத் துறைமுகம். அங்கே கிடைத்த உடைந்த பானையில் தமிழ் பிராமியில் "பானை ஒறி" என்று எழுதியிருந்ததைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். ஒறி என்றால் உறிதான். எங்கள் பாட்டி வீட்டு அடுப்படியில் தொங்கிய அதே உறி. நேரில் பார்க்க அங்கே ஒன்றுமில்லை, மண்மேடுதான். அந்த மேட்டின்மேல் அவர் அரை மணி நேரம் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது குறைக்கு வருகிறேன். கடைசி டைவ் முடித்து நான் மேலே வந்தது மதியம் 2:10. மாலையே வேனில் லக்சருக்கு நான்கு மணி நேரம். மறுநாள் காலை 5:30க்கு வெப்பக் காற்று பலூன்! கணக்குப் போட்டால் 15 மணி நேரம் 20 நிமிடம். ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து தங்கிவிடும். அது வெளியேறுமுன் உயரே போனால், கோலி சோடாவைத் திறந்த மாதிரி மூட்டிலும் முதுகுத்தண்டிலும் குமிழி கட்டும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் பறப்பதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது விதி. என் மணிக்கட்டு டைவ் கம்ப்யூட்டரில், இன்னும் பறக்கக் கூடாது என்று காட்டும் குட்டி விமானப் படம் அணையவில்லை. சென்னைக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள்: "மேடம், ஃபிளைட்லதானே போகக் கூடாது? இது பலூன்தானே?"

சில நூறு மீட்டர்தானே, இதற்கெல்லாமா பயம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு வயது 51, இருப்பது ஒரே முதுகுத்தண்டு. அவர் மட்டும் ஏறினார். நான் கரும்பு வயல் ஓரத்தில் டீயோடு நின்றேன். மேலேயிருந்து அவர் கையாட்டியதாகச் சொன்னார், வேறு யாருக்கோ.

இத்தனைக்கும் சரிசெய்வது சுலபம். அந்த ஓய்வு நாளை நடுவிலிருந்து எடுத்து டைவிங்குக்குப் பின்னால் வைத்தால் போதும். குசைரும் ஆச்சு, உடம்பும் காய்ந்தாச்சு, பலூனும் ஏறலாம். ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

லக்சர் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கர்னாக் கோயிலின் பெரிய மண்டபத்தில் 134 தூண், கழுத்து வலிக்கும். நான் சொல்ல வேண்டியது ஹட்செப்சுட் கோயில் பற்றி. அந்த அரசி புன்ட் என்ற பழங்கால நாட்டுக்குக் கப்பல் அனுப்பிய கதை நடு அடுக்குச் சுவரில் இருக்கிறது. கிட்டத்தட்ட 3,500 வருடச் செதுக்கல். எல்லோரும் கப்பலைப் பார்க்க, வழிகாட்டி கீழே காட்டினார்: கப்பலுக்கு அடியில் தண்ணீர்க் கோடுகள், அதில் கணவாய், சிங்கி இறால், விதவிதமான செங்கடல் மீன். ஒன்றின் வாலடியைப் பார்த்ததும், முந்தாநாள் எனக்குக் குறுக்கே போன மீன்தான் என்று பட்டது. "ஏங்க, இதை நான் பார்த்தேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குனிந்தார். என் டைவிங் கதையை அவர் முழுதாகக் கேட்டது அந்தச் சுவரடியில்தான்.

கெய்ரோவுக்கு ஒரே நாள், பிரமிடை ஓடிக்கொண்டே பார்த்தோம், அதை விடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். புக் செய்வதற்கு முன் நாள்வாரி அட்டவணையை வாங்கி, கடைசி டைவ் எத்தனை மணிக்கு, அடுத்து உயரே போவது எத்தனை மணிக்கு என்று பென்சிலால் குறித்துக் கேளுங்கள். நான் ஏறாத பலூனுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி 5 வாரம் ஆகிறது. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.