டட்சன் ரெடி-கோ: மறுபடி வாங்குவேனா?

என் தொழில் மணப்பெண் அலங்காரம். இருப்பது பொள்ளாச்சி. உடுமலை, பழனி, ஆனைமலை என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே கல்யாணம் இருந்தாலும் போவேன். முகூர்த்தம் விடியற்காலை ஐந்தரைக்கு என்றால் மூன்று மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். பஸ் கிடைக்காத நேரம் அது. வாடகை வண்டியை நம்பிக்கொண்டும் உட்கார முடியாது. அதனால்தான் 2019 ஆயுத பூஜை சமயத்தில் ஒரு லிட்டர் எஞ்சின் கொண்ட டட்சன் ரெடி-கோ 1.0 என்ற சின்னக் காரை எடுத்தேன். இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன்.

எந்த மண்டபத்தில் நிறுத்தினாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "அந்தக் கம்பெனிதான் போயிருச்சே, இன்னும் இதையா ஓட்டறீங்க? மறுபடி வாங்கச் சொன்னா வாங்குவீங்களா?"

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீளம் மூன்றரை மீட்டருக்கும் குறைவு. பழனி அடிவாரத்துச் சந்துகளில் பெரிய வண்டிக்காரர்கள் ரிவர்ஸ் எடுக்கத் திணறும் இடத்தில் நான் ஒரே திருப்பில் வெளியே வந்துவிடுவேன். தரையிலிருந்து 185 மில்லிமீட்டர் உயரம் என்பதால், தோட்டத்து வீடுகளுக்குப் போகும் மண் பாதையிலும் அடி தட்டாது. இருக்கை கொஞ்சம் மேடானது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஏறி இறங்கக் குனிந்து நிமிர வேண்டியதில்லை. ஒரு பெண் கார் பார்க்கப் போனால் இதைச் சொல்லித்தரும் சேல்ஸ்மேனை நான் இன்னும் பார்க்கவில்லை.

டிக்கி சிறியது, 222 லிட்டர்தான். மேக்கப் பெட்டி இரண்டு வைத்தால் நிறைந்துவிடும். பின் இருக்கையில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, அதன்மேல் பூ ஜடையை நீளமாகக் கிடத்துவேன். மல்லிகை மொட்டு மண்டபத்துக்குப் போய்ச் சேரும்வரை விரியாமல் இருக்க வேண்டும். அந்த வேலையை ஏசி ஒழுங்காகச் செய்கிறது. சித்திரை மாத வெயிலில் உடுமலை ரோட்டில் நிறுத்தியிருந்த வண்டியைத் திறந்தால் லிப்ஸ்டிக் எல்லாம் குழைந்து கிடக்கும். ஏசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் உள்ளே குளிர்ந்துவிடும். இந்த விலையில் இந்த ஏசியை நான் எதிர்பார்க்கவில்லை.

எஞ்சின் மூன்று சிலிண்டர். சிக்னலில் நிற்கும்போது பெட்டிக்குள் இருக்கும் நெயில் பாலிஷ் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும் அளவுக்கு ஆட்டம் உண்டு. வேகம் பிடித்ததும் அடங்கிவிடும். 68 குதிரைத்திறன் இந்த உடம்புக்குப் போதும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்று பேரோடு இரண்டாவது கியரில் ஏறிவிடலாம், ஏசியை மட்டும் அணைத்துவிட வேண்டும். மைலேஜ் எனக்கு 18, 19 கிடைக்கிறது. பெட்ரோல் டேங்க் 28 லிட்டர்தான் என்பதால், இரவு கிளம்புகிற நாட்களில் முந்தின சாயங்காலமே நிரப்பி வைத்துக்கொள்வேன்.

சரி, கம்பெனி கதைக்கு வருகிறேன். டட்சன், ஜப்பான் கார் கம்பெனியான நிசானுடைய பழைய பிராண்ட் பெயர். எண்பதுகளில் கைவிட்ட அந்தப் பெயரை, முதல் கார் வாங்குகிறவர்களுக்கான மலிவு பிராண்டாக நிசான் மறுபடி கொண்டுவந்தது. 2014 மார்ச்சில் 'கோ', 2015 ஜனவரியில் ஏழு பேர் உட்காரும் 'கோ பிளஸ்', 2016 ஜூனில் ரெடி-கோ. ரெடி-கோவின் தொடக்க விலை 2.38 லட்சம். எல்லாம் நம் ஒரகடத்தில் தயாரானவை. 2022 ஏப்ரலில் ரெடி-கோ உற்பத்தியை நிறுத்தி டட்சனுக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். சர்வீஸும் உதிரிபாகமும் நிசான் டீலர்கள் வழியாகத் தொடரும் என்று அறிவித்தார்கள்.

இப்படி ஒரு பிராண்ட் போய்விட்டால் நம் வண்டிக்கு என்ன ஆகும் என்பது எனக்கு ஒரு ஹெட்லைட்டில்தான் புரிந்தது. நெகமம் பக்கம் ஒரு பைக் வந்து இடித்ததில் இடது பக்க ஹெட்லைட் உடைந்தது. அதுவரை ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் எதற்கும் நான் காத்திருந்ததில்லை. ரெடி-கோவும் ரெனால்ட் க்விட்டும் ஒரே அடித்தளத்தில் செய்த வண்டிகள், எஞ்சினும் ஒன்றுதான். க்விட் இன்னும் விற்பனையில் இருக்கிறது. "எஞ்சின் சாமான் பூராவும் க்விட்டுக்கு வர்றதுதானுங்கக்கா, கவலைப்படாதீங்க. வெளியில கண்ணுக்குத் தெரியற சாமானுக்குத்தான் அலையணும்" என்றார் என் மெக்கானிக். அவர் சொன்னபடியே ஆனது. ஹெட்லைட், பம்பர், கதவு, கண்ணாடி இவையெல்லாம் ரெடி-கோவுக்கு மட்டுமே உரியவை. கோவையில் ஒரு உதிரிபாகக் கடையில் சொல்லிவைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ஒரு பழைய வண்டியில் கழற்றிய லைட்டைத்தான் வாங்கி மாட்டினேன். அதுவரை இரவு கல்யாணங்களுக்குத் தம்பியின் வண்டியை இரவல் வாங்கிப் போனேன். தொழிலுக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மறுவிலையும் அடி வாங்கிவிட்டது. போன வருடம் ஒரு ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் விலை கேட்டேன். நான் மனதில் வைத்திருந்ததில் பாதியைச் சொன்னார்கள். நன்றாக ஓடுகிற வண்டி, ஒழுங்காகச் சர்வீஸ் செய்த வண்டி, ஒரே ஓனர். எதுவும் எடுபடவில்லை.

எனக்குத் தெரிந்த மற்ற டட்சன்காரர்களையும் கேட்டுப் பார்த்தேன். ஆனைமலையில் மேளக்காரர் ஒருவர் கோ பிளஸ் வைத்திருக்கிறார். நாலு மீட்டருக்குள் மூன்று வரிசை இருக்கை. கடைசி வரிசையில் பெரியவர்கள் உட்கார முடியாது, ஆனால் அதை மடக்கினால் தவில், நாதஸ்வரம், சுருதிப்பெட்டி எல்லாம் ஏறிவிடும். இன்னொரு கோ பிளஸ் கிடைத்தால் நாளைக்கே எடுப்பேன் என்கிறார். என் சித்தி மகளின் வீட்டில் 2014 கோ. முதல் வருடத்து வண்டி அது. பாட்டு கேட்கும் செட் கிடையாது, செல்போனைச் செருகி வைக்க ஒரு இடம் கொடுத்திருப்பார்கள். அவர்கள் இனி தொடவே மாட்டோம் என்கிறார்கள். அதற்குக் காரணம் மறுவிலையும் அல்ல, சாமானும் அல்ல. அந்த வருடக் கடைசியில் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வரை தரும் குளோபல் என்கேப் சோதனையில் கோ பூஜ்ஜியம் நட்சத்திரம் வாங்கியது. அவர்கள் வண்டியில் ஏர்பேக்கே கிடையாது.

இந்த இடத்தில் நானும் அவர்கள் கட்சிதான். 2019 கடைசியில் அதே சோதனையில் ரெடி-கோவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். என் வண்டியில் ஓட்டுபவருக்கு மட்டும்தான் ஏர்பேக். பக்கத்தில் உட்கார்ந்து வரும் என் உதவியாளர் பெண்ணுக்கு இல்லை. இரண்டு மணி இருட்டில், எதிரே லாரி வெளிச்சம் கண்ணைக் கூசும் ரோட்டில், அந்தப் பெண் மடியில் பூக்கூடையை வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். அவளை அவள் அம்மாவிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த வண்டியை இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தோன்றும்.

ஆக, என் பதில் இதுதான். இந்த அளவில், இந்த உயரத்தில், இந்த ஏசியோடு ஒரு வண்டி வேண்டும் என்று இன்றைக்கும் ஆசைதான். ஆனால் இதே ரெடி-கோவை இன்று புதிதாக விற்றாலும் வாங்கமாட்டேன். புதிதாகக் கடை விரிக்கும் மலிவு பிராண்டின் முதல் வண்டியையும் வாங்கமாட்டேன். பத்தாவது வருடத்தில் ஹெட்லைட் யார் தருவார் என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பேன். இப்போது ஆல்டோ கே10-இலேயே ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் வருகிறது. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபோது அதன் தொடக்க விலையும் நான்கு லட்சத்துக்குக் கீழே வந்தது. பிறகு நான் ஏன் ஒரு ஏர்பேக்கோடு நிற்க வேண்டும்?

அப்புறம், விலை மலிவாகக் கிடைக்கிறது என்று செகண்ட் ஹேண்டில் ரெடி-கோ பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டவுனுக்குள் ஓட்டவும், கார் பழகவும் நல்ல வண்டிதான். எஞ்சினை உங்கள் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். நீங்கள் ஹெட்லைட், டெயில் லைட், பம்பர், சைடு மிரர், கதவுக் கண்ணாடி எல்லாம் விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். 2019 ஜூலையில் கட்டாயமாவதற்கு முன் வந்த வண்டிகள் பலவற்றில் ஓட்டுநர் ஏர்பேக்கே இருக்காது. ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.